எண்ணாத மூச்சு

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் நிமிடத்துக்கு இருபது தடவை மூச்சு விட்டார்கள். பிச்சாவரத்தில் படகு தள்ளுகிறவர் வந்தாலும் இருபது. ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் வாசலில் தேங்காய் விற்கிறவர் வந்தாலும் இருபது. இப்படி ஓர் அதிசயம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. அதை நடத்திக் காட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. ஒரு டிரஸ்ட் நடத்தி வந்தது. இப்போது அது இல்லை, கட்டடத்தில் டைல்ஸ் கடை வந்துவிட்டது. நான் முதுநகரில் குடியிருந்தேன். காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தால் ஏழரைக்கு அவசரப் பிரிவில் நிற்பேன். ஐந்து கட்டில், ஒரு மேஜை, ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு, நான், எனக்குத் துணையாக இன்னொரு சிஸ்டர், ஒரு டியூட்டி டாக்டர். இதுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

நர்சிங் படிக்கும்போது மூச்சு எண்ணுவதை ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். நோயாளிக்குத் தெரியவும் கூடாது, தெரிந்தால் அவரை அறியாமலே மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்க்கிற சாக்கில் கையைப் பிடித்துக்கொண்டே, கண்ணை நெஞ்சு மேல் வைத்து எண்ண வேண்டும். பரீட்சைக்கு இதை எழுதி முழு மார்க்கும் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு சீனியர் சிஸ்டர் என்னைத் திருத்தினார். “இருபது போட்டுக்கம்மா. மூச்சு வுடுறாரில்ல, அப்பறம் என்னா?” எல்லோருக்கும் ஒரே எண்ணாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று நடுநடுவே இருபத்திரண்டு, சில நாள் பதினெட்டு என்று போடும் சாமர்த்தியத்தை நானே கற்றுக்கொண்டேன்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்த வாரம், உப்புத் தண்ணீர் குடித்துச் சளி கட்டியவர்களும் காயம் சீழ் பிடித்தவர்களுமாகத் தரையில்கூட இடமில்லாமல் கிடந்தார்கள். அந்த வாரம் எண்ண நேரமில்லை, அது சத்தியம். ஆனால் அதற்கு முந்தின வாரமும் நான் எண்ணவில்லை, அடுத்த ஐந்து வருஷமும் எண்ணவில்லை. சுனாமி மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை.

2009-ல் ஒரு இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். வெளியூரில் படித்தவர், பேச்சு கொஞ்சம் வேகம், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அவர் வந்த ஒரு மாதத்தில் மஞ்சள் தாளில் ஒரு படிவம் அடித்துக்கொண்டு வந்தார். காய்ச்சல், சீழ், சளி என்று கிருமி சம்பந்தமான எந்தத் தொந்தரவோடு யார் வந்தாலும் அதை நிரப்ப வேண்டும். வயது, காய்ச்சல், நாடி, பி.பி., மூச்சு, புத்தித் தெளிவு என்று ஆறு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மார்க். கூட்டினால் ஐந்துக்கு மேல் வந்தால் உயிருக்கு ஆபத்து, உடனே தீவிர சிகிச்சைக்கு ஏற்ற வேண்டும். அங்கே இருந்த நாலு கட்டிலும் நிரம்பியிருந்தால் ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டும். ஐந்துக்குள் இருந்தால் ஜெனரல் வார்டு போதும்.

எனக்கு அந்த மஞ்சள் தாளைக் கண்டாலே எரிச்சல். வாசலில் ஆள் நுழையும்போதே தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. டாக்டரிடமே அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“மூஞ்சி கடைசியாத்தான் சிஸ்டர் காட்டும். கிருமி ரத்தத்துல எறங்கினா மொதல்ல மாறுறது மூச்சு. அது ஒண்ண மட்டும் ஒரு நிமிஷம் எண்ணிப் போட்டுடுங்க, போதும்” என்றார்.

தலையை நன்றாக ஆட்டினேன். அன்றைக்கு நிரப்பிய முதல் தாளிலேயே இருபது போட்டேன்.

அடுத்த வருஷம் மாசி மாதம். கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து புருஷனும் பெண்சாதியுமாக வந்தார்கள். அவர் கரும்பு வெட்டுகிற ஆள், வயது நாற்பத்தைந்துக்குள். நாலு நாள் முன்னால் வெட்டிய கரும்பின் அடிக்கட்டை பாதத்தில் ஏறிவிட்டது. துணியைக் கட்டிக்கொண்டு வேலையை முடித்திருக்கிறார். இப்போது கணுக்கால் வரை வீங்கிப் பளபளத்தது. ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கி நொண்டி நொண்டி நடந்துதான் வந்தார். கட்டிலில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். “கரும்ப வெட்டிப்புட்டேன்னு நீங்க கால வெட்டிப்புடாதீங்கம்மா” என்றார்.

சிரிக்கிற ஆள், நடந்து வந்த ஆள், தேறிவிடுவார் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். தெர்மாமீட்டர் வைத்தேன், நூற்றொன்று. கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினேன், நாடி நூற்றெட்டு. பி.பி. நூற்றுப்பத்துக்கு எழுபது. பேச்சு தெளிவு.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி அதுவரை வாயே திறக்கவில்லை. நான் பேனாவை எடுத்ததும்தான் சொன்னாள்.

“அம்மா, ராத்திரிலேருந்து இவருக்கு மேமூச்சு கீமூச்சு வாங்குது. படுத்தா ஜாஸ்தியாவுது.”

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காய்ச்சல் இருந்தால் அப்படித்தான் இருக்கும், வெயிலில் நடந்து வேறு வந்திருக்கிறார் என்றேன். மூச்சுக் கட்டத்தில் இருபது என்று எழுதினேன். கூட்டினால் மூன்று வந்தது. டாக்டர் வந்து காலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஊசியும் சலைனும் எழுதி ஜெனரல் வார்டில் போடச் சொன்னார். அப்போது இன்னொரு கட்டிலில் வலிப்பு வந்த ஒருவர் கிடந்ததால் அவர் அங்கே ஓட வேண்டியிருந்தது.

வார்டில் சேர்த்தால் தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கிளம்பத் தயங்கினாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் சோறு ஆக்க வேண்டும்.

“நான் போய்ட்டு வரலாங்களா? ஒண்ணும் ஆவாதில்ல?”

“ஒண்ணும் ஆகாது, போய்ட்டு வாங்க” என்றேன்.

அவர் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்கு வார்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. டாக்டர் முன்னால் ஓட, நான் டிராலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். காலையில் சிரித்த மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. விலா எலும்புகள் விரிந்து விரிந்து சுருங்கின. அப்போதுதான் முதல்முறையாக அவர் நெஞ்சைப் பார்த்தேன். கட்டிலில் கிடத்துவதற்குள் அதுவும் நின்றுவிட்டது, டாக்டர் மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் அங்கேயே நின்று மஞ்சள் தாளை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார்.

“எல்லாம் சரியாத்தான இருந்துச்சு சிஸ்டர்?”

“ஆமா சார்” என்றேன்.

அந்த இரண்டு வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. பழகிய கை எழுதிய மாதிரி பழகிய வாய் சொல்லிவிட்டது.

மூன்று மணிக்கு அவள் திரும்பி வந்தாள். கையில் ஒயர் கூடை. அதில் தட்டு, டம்ளர், மடித்த பச்சைப் போர்வை, ஒரு தூக்கில் ரசம் சோறு. காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்து இடம் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எந்தக் கட்டில் என்று என்னிடம்தான் கேட்டாள். டாக்டர்தான் சொன்னார். அவள் கத்தவில்லை. தூக்கு சாய்ந்து ரசம் கொட்டிவிடாமல் கூடையைப் பதமாகத் தரையில் வைத்தாள். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

இந்த இடத்தில் நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம் ஒழுங்காக எண்ணினேன். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது, கை மறுபடியும் இருபதுக்குப் போய்விட்டது. அந்த ஆளுக்கு நேரம் முடிந்துவிட்டது, மூச்சை எண்ணியிருந்தாலும் போய்த்தான் இருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் டாக்டர் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். மேஜை முழுக்க மஞ்சள் தாள். பிழைத்தவர்கள் ஒரு கட்டு, இறந்தவர்கள் ஒரு கட்டு. கடலூரில் டாக்டர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னார். ஆபத்தை முன்கூட்டிக் கண்டுபிடிக்க நாடி உதவியாக இருக்கிறது, பி.பி. உதவியாக இருக்கிறது, புத்தித் தெளிவும் உதவியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவால் மூச்சுக் கட்டத்தைத் தட்டினார்.

“ஆனா பாருங்க சிஸ்டர், நான் படிச்சதுக்கு நேர்மாறா இருக்கு. பொழச்சவங்களுக்கும் இருபது, போனவங்களுக்கும் இருபது. நம்ம ஜனங்களுக்கு மூச்சு ஒண்ணும் காட்டல போல. இந்தக் கட்டத்தையே எடுத்துடலாம்னு பாக்கறேன். மத்த ஆஸ்பத்திரிக்காரங்க கிட்டயும் அதத்தான் சொல்லப் போறேன்.”

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஆளுடைய தாளில் நான் எழுதிய பொய் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தேன். அது இங்கே உட்கார்ந்து பாடமாகிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஊர் ஊராகப் போகும். மூச்சைப் பார்க்காதே, அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லும். நான் எழுதிய இருபதை நம்பி, எண்ணத் தெரிந்தவர்கள்கூட எண்ணுவதை நிறுத்திவிடுவார்கள்.

அன்றைக்கு எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டார். “சும்மா கிட. நீ மட்டுமா இருபது போட்ட? நீயே போயி வேலைக்கு உல வச்சிக்காத” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முட்டி போட்டு உட்கார்ந்தேன், ஜெபம் ஓடவில்லை. முன் வரிசையில் இருந்தவர்களின் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை டாக்டரின் அறைக்குப் போய் நின்றபடியே சொல்லிவிட்டேன். அந்தக் கட்டத்தில் இருப்பது எதுவும் உண்மையில்லை, நானும் எண்ணியதில்லை, மற்றவர்களும் எண்ணியதில்லை, அந்தக் கரும்பு வெட்டுகிறவருக்கும் எண்ணவில்லை என்றேன்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலாம். முகத்தில் ரத்தமே இல்லாமல் அந்தக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, “வாங்க, எண்ணலாம்” என்றார்.

அவசரப் பிரிவு பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருமலும் காய்ச்சலும் என்று வந்தவள், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். புடவை மடிப்பு ஏறி இறங்குவதை எண்ண ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. இருபதைத் தாண்டியபோது பாதிக் கடிகாரம்தான் ஓடியிருந்தது. முப்பத்தெட்டில் நின்றது. பின்னல் போட்டு முடித்து ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு முப்பத்தெட்டு! என் மூஞ்சி பார்க்கும் சாமர்த்தியம் அவளை இரண்டு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கும். டாக்டர் அவளைத் தீவிர சிகிச்சைக்கு ஏற்றினார். அவள் எட்டு நாள் கழித்து நடந்து போனாள்.

டாக்டர் கூட்டத்துக்குப் போகவில்லை. தாள்களை எல்லாம் அந்தந்த நோயாளியின் கேஸ் ஷீட்டிலேயே திருப்பி வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் எழுதியதை ஒரு மாதம் வரை தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். அது எனக்கு வேண்டியதுதான்.

ஆடி மாதத்தில் அந்தக் கரும்பு வெட்டுகிறவரின் மனைவி வந்தாள். ரேஷன் கார்டில் புருஷன் பேரை நீக்குவதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு காகிதம் வேண்டியிருந்தது. கூடவே இறந்தவரின் தம்பி வந்திருந்தார். பழைய கேஸ் ஷீட்டுகள் எங்கள் அலமாரியில்தான் இருந்தன. ஆபீஸில் அவளை என்னிடம் அனுப்பிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு கும்பிட்டாள். எனக்குக் கூசிப்போயிற்று.

கேஸ் ஷீட்டைத் தேடி எடுப்பதற்குள் கொஞ்சம் நேரம் ஆனது. அவர் தம்பி பொறுமை இழந்து, என்னிடம் சொல்வதுபோல அவளுக்குக் கேட்க வேண்டியதைச் சொன்னார்.

“அண்ணன் சாவக் கெடக்கும்போது தட்டு எடுக்கப் போனாங்க. இப்ப பேப்பர் வாங்க மட்டும் வந்துட்டாங்க.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து மாதமாக வீட்டில் இதே பேச்சுத்தான் என்பது அந்தக் குனிவிலேயே தெரிந்தது. கருமாதியில் ஆரம்பித்தார்களாம். புருஷன் உயிர் போகிற நேரத்தில் பக்கத்தில் இல்லாதவள் என்று மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். என்னிடம் இதைச் சொல்லும்போதும் அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை.

“அவுங்க சொல்றதும் சரிதாங்க. மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சும் நான் வூட்டுக்குப் போயிருக்கக் கூடாது” என்றாள்.

கேஸ் ஷீட் என் கையில் இருந்தது. உள்ளே மஞ்சள் தாள். காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால் அவள் இந்தப் பக்கம் இனி வரப்போவதில்லை. தம்பியோ முரட்டு ஆள், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தால் என் வேலை அன்றோடு சரி. ஆனால் அந்தக் குனிந்த தலையை என்னால் பார்க்க முடியவில்லை.

“அம்மா, மூச்சு வாங்குதுன்னு அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. நான் அவர் மூச்ச எண்ணவே இல்ல. எண்ணாமலே நல்லாருக்குன்னு எழுதிட்டேன். ஒண்ணும் ஆகாது, போங்கன்னு உங்கள அனுப்பினதும் நான்தான். நீங்க விட்டுட்டுப் போகல” என்றேன்.

தம்பி ஒரு அடி முன்னால் வந்தார். மேஜை மேல் கையை ஊன்றி என் முகத்தையே பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார். போய் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

“நீங்க அவரு கையப் புடிச்சிகிட்டு கடியாரத்தப் பாத்தீங்க” என்றாள் மெதுவாக. “நான் பாத்துகிட்டுதான நின்னேன். படிச்சவுங்களுக்குக் கையிலயே மூச்சும் தெரிஞ்சிடும்னு நெனச்சிட்டேன்.”

காகிதத்தை வாங்கி மடித்து ஒயர் கூடையில் வைத்தாள். அதே கூடை. இரண்டு அடி எடுத்து வைத்தவள் திரும்பி நின்றாள்.

“எண்ணியிருந்தா எத்தினி இருந்திருக்கும்மா?”

அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் பேரின் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிவிட்டேன். ஆனால் அந்த மனிதரின் கடைசி நாளைப் பற்றி எழுதி வைத்த ஒரே தாளில் இருபது என்றுதான் இருக்கிறது.